பரிசுக் கதையும் பால்மரத் தோட்டமும்

1896ஆம் ஆண்டில், கடல்வழியால் இணைந்திருந்த இரு துறைமுக நகரங்களில் ஒன்றையொன்று அறியாத இரு முயற்சிகள் தொடங்கின. மலாக்காவில், புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில், தான் சாய் யான் என்ற சீன வணிகர் நாற்பது ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நடுவித்தார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதே ஆண்டில் கல்கத்தாவில், தலைக்கு இடும் எண்ணெய் செய்து விற்ற ஒரு வணிகர் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தினார். அதில் முதற்பரிசு பெற்றது பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் எழுதிய கதை. இந்திய மொழிகளின் அறிவியல் புனைகதை வரலாற்றில் அக்கதைக்குத் தனியிடம் உண்டு.

முதல் முயற்சியின் பயனாகத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மலாக்காவின் தோட்டங்களுக்கு வந்தனர். இரண்டாவதன் பயனாக, அறிவியலைத் தாய்மொழியில் கதையாக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. முன்னதன் வரலாற்றைத் தோட்டத்துத் தமிழர் உடலால் அறிவர். பின்னதன் வரலாறு தமிழாசிரியரும் மாணவரும் அறியத்தக்கது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுது, தாய்மொழிக் கல்வி பற்றிய ஒரு பழைய வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

அறிவியல் கொண்டுவந்த மரம்

ரப்பர் மரம் மலாயாவின் மண்ணுக்குரியதன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குரியது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் சில ஆயிரமே முளைத்தன. அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஆயினும் அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் அம்மரத்தைப் பெரிய அளவில் பயிரிட எவரும் முன்வரவில்லை. மரவள்ளியும் காப்பியும் பயிரிட்டுப் பழகியோர்க்கு, பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரத்தில் முதலீடு செய்யத் துணிவு வரவில்லை.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி அம்மரத்தின்மீது அளவற்ற நம்பிக்கை வைத்தார். காண்போரிடமெல்லாம் ரப்பர் விதைகளைத் திணித்ததால் அவரைப் பித்தர் என்றே அழைத்தனர். மரத்தைக் கோடரியால் கொத்திப் பாழாக்கும் காட்டுமுறையை விடுத்து, பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவர் ஆய்ந்து வகுத்தார். உள்ளேயிருக்கும் வளர்படை காயப்படாவிடின் பட்டை மீண்டும் வளரும். ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் வெட்டலாம். தோட்டத்தில் பால் வெட்டிய ஒவ்வொரு தமிழரின் கையிலும் இருந்த கத்தி, இந்த ஆய்வின் முடிவைத்தான் ஒவ்வொரு விடியலிலும் செயற்படுத்திற்று.

ரிட்லியின் சொல்லை நம்பியவர்களுள் தான் சாய் யான் முதன்மையானவர். புக்கிட் லிந்தாங்கில் பெற்ற ஊக்கத்தால் அவர் பின்னர் புக்கிட் அசாஹானில் மிகப் பெரிய தோட்டத்தை உருவாக்க வழிசெய்தார். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கப்பல் வழியே வந்த தமிழர்கள் லயன்களில் குடியேறினர். ஓர் அறிவியல் ஆய்வின் விளைவாக ஒரு சமுதாயமே இடம்பெயர்ந்தது. ஆனால் அந்த அறிவியல் அவர்களுக்கு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் வேலை மட்டுமே தமிழில் வந்து சேர்ந்தது.

எண்ணெய் வணிகரின் போட்டி

கல்கத்தாவில் போட்டி நடத்தியவர் ஹேமேந்திர மோகன் போஸ். நறுமணப் பொருள்கள் செய்வதில் தேர்ந்த அவருடைய ‘குந்தளின்’ என்ற கூந்தல் எண்ணெயும் ‘தேல்கோஷ்’ என்ற வாசனைப் பொருளும் வங்காளத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தன. பிற்காலத்தில் குரல் பதிவுத் தொழிலிலும் அவர் ஈடுபட்டார். இரவீந்திரநாத தாகூரின் குரலைப் பதிவு செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவர் ஏற்படுத்திய ‘குந்தளின் பரிசு’ 1896இல் தொடங்கிற்று. போட்டிக்கு ஒரு வேடிக்கையான விதி இருந்தது. கதையில் குந்தளின் எண்ணெயோ தேல்கோஷ் வாசனைப் பொருளோ இடம்பெற வேண்டும். ஆயினும் கதை விளம்பரம்போல் தோன்றலாகாது. பரிசு பெற்ற கதைகள் சிறு நூலாக ஆண்டுதோறும் அச்சிடப்பட்டுப் பரப்பப்பட்டன. வணிகருக்கு விளம்பரம், எழுத்தாளருக்குப் பரிசு, வாசகருக்குக் கதை. இம்மூன்றும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறின.

இதனை வெறும் வாணிப உத்தி என்று ஒதுக்குதல் பொருந்தாது. வங்காளத்தின் பெரும் நாவலாசிரியராகப் பின்னர் விளங்கிய சரத்சந்திரரின் ‘மந்திர்’ என்ற கதை, 1903 அளவில் இதே பரிசைப் பெற்றே அச்சேறியது. அதனையும் அவர் தம் பெயரில் அனுப்பவில்லை. உறவினரான சுரேந்திரநாதரின் பெயரில் அனுப்பியிருந்தார். அறிமுகமற்ற எழுத்தாளர் துணிந்து நுழைவதற்கு ஒரு வாயிலாக அப்போட்டி விளங்கிற்று.

காணாமற்போன புயல்

1896இல் முதற்பரிசு பெற்ற கதையின் பெயர் ‘நிருத்தேஷேர் காஹினி’. ‘காணாமற்போனதன் கதை’ என்று அதனைத் தமிழில் கூறலாம். காணாமற்போனது மனிதனன்று, ஒரு புயல்.

கல்கத்தாவை நோக்கிப் பெரும்புயல் வருகிறது என்று வானிலை அலுவலகம் அறிவிக்கிறது. செய்தித்தாள்கள் எச்சரிக்கின்றன, நகரமே நடுங்கிக் காத்திருக்கிறது. குறித்த நாள் வருகிறது, புயல் வரவில்லை. எங்கே போயிற்று என்பது எவருக்கும் விளங்கவில்லை. அறிவியல் இதழ்களில் அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் எழுதுகின்றனர்; ஒன்றும் பொருந்தவில்லை.

அதன்பின் கதைசொல்லி தன் வரலாற்றைக் கூறத் தொடங்குகிறான். கடுங்காய்ச்சலில் கிடந்தெழுந்த அவனுக்குத் தலைமயிர் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. உடல் தேறக் கடற்பயணம் செய்யுமாறு மருத்துவர் கூற, அவன் இலங்கைக்குக் கப்பலேறுகிறான். புறப்படுமுன் அவனுடைய சிறிய மகள் ஒரு குப்பிக் குந்தளின் எண்ணெயைத் தந்தையின் பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். நடுக்கடலில் புயல் தாக்குகிறது. கப்பல் மூழ்கும் நிலையில், கொந்தளிக்கும் நீரை எண்ணெய் அடக்கும் என்று தான் முன்னர்ப் படித்தது அவனுக்கு நினைவு வருகிறது. குப்பியைத் திறந்து கடலில் எறிகிறான். எண்ணெய் பரவுகிறது, அலை அடங்குகிறது, புயலும் ஓய்கிறது. கல்கத்தா பிழைத்தது ஒரு குப்பி எண்ணெயால் என்பது அறிவியல் அறிஞர் எவருக்கும் தெரியாமலேயே போகிறது.

இதனைப் படிப்போர் நகைப்பர். ஆசிரியர் வேண்டியதும் அந்நகைப்பே. எனினும் கதையின் அடித்தளம் வெறுங்கற்பனையன்று. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அப்பேரழிவும் அதனைத் தொடர்ந்த பஞ்சங்களும் 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றக் காரணமாயின. எனவே, புயல் எச்சரிக்கை என்பது அன்றைய வங்க வாசகருக்கு மிகப் புதியதொரு செய்தி. அதே வேளையில் அச்சந்தரும் நினைவு.

எண்ணெய் நீரை அடக்கும் என்பதும் நெடுங்காலமாக மாலுமிகள் அறிந்த உண்மை. உரோமானிய அறிஞர் பிளினி இதனைக் குறித்துள்ளார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனில் ஒரு குளத்தில் தேக்கரண்டியளவு எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடிபோல் அமைதியாக்கியதை 1774இல் வெளியான கட்டுரையில் விவரித்தார். எண்ணெய் மிக மெல்லிய படலமாகப் பரவி, நீரின் மேற்பரப்பில் சிற்றலைகள் எழாமல் தடுக்கிறது. சிற்றலை இல்லாவிடத்துக் காற்றுக்கு நீரைப் பற்றித் தள்ளப் பிடிப்புக் குறைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய கப்பல்கள் எண்ணெய்ப் பைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, அலை உடைந்து தளத்தில் விழாமல் காத்துக்கொண்டன.

ஆனால் அலையை அடக்குவது வேறு. புயலை அடக்குவது வேறு. பல நூறு கிலோமீட்டர் அகன்று சுழலும் காற்றை ஒரு குப்பி எண்ணெய் நிறுத்திவிடாது. உண்மையான ஓர் இயற்பியல் செய்தியை எடுத்து, அதனை நம்ப முடியாத எல்லைவரை இழுத்துச் சென்று, அங்கே வாசகரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பதுதான் அறிவியல் புனைகதையின் முறை. அம்முறையை இக்கதை இயல்பாகக் கையாண்டுள்ளது. விளம்பரப் பொருளாகக் கட்டாயம் நுழைக்கப்பட வேண்டியிருந்த எண்ணெய், கதையின் மூலக்கருவாகவே மாறிவிட்டது.

பெயரை மறைத்த அறிஞர்

பெயரின்றி வெளியான அக்கதையை எழுதியவர் ஜகதீச சந்திர போஸ். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டியவர். கதை பரிசு பெற்ற அதே 1896இல் அவர் தம் கண்டுபிடிப்புகளை விளக்க இங்கிலாந்து சென்றார். 1897 சனவரியில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் உரையாற்றினார். அத்தகைய அறிஞர் அதே காலத்தில் கூந்தல் எண்ணெய்ப் போட்டிக்குத் தாய்மொழியில் கதை எழுதினார் என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். அவருடைய இளமைக் கல்வியை அறிந்தால் அவ்வியப்பு நீங்கும்.

போஸின் தந்தை பகவான் சந்திர போஸ், பரீத்பூரில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அன்று அந்நிலையிலிருந்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை என்று கருதினர். பகவான் சந்திரரோ, ஆங்கிலம் கற்குமுன் தாய்மொழியையும் தன் மக்களையும் ஒருவன் அறிய வேண்டும் என்று எண்ணி, மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மகனுக்கு வலப்புறம் தந்தையின் ஏவலாளான முசுலிம் ஒருவரின் மகனும், இடப்புறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அத்தோழர்கள் கூறிய கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தமக்குள் விதைத்தன என்று 1915இல் விக்கிரமபுர மாநாட்டில் போஸ் நினைவுகூர்ந்தார்.

இச்செய்தியை ஒரு தோட்டப் பள்ளியின் ஆசிரியர் படித்தால், அதில் தம் வகுப்பறையையே காண்பார். தவறணைச் செடிகளையும் ஆற்று மீனையும் மரத்தில் ஏறும் பாம்பையும் நன்கறிந்த பிள்ளைகள் மலாக்காத் தோட்டப் பள்ளிகளின் பலகைகளிலும் அமர்ந்திருந்தனர். பரீத்பூரில் அவ்வறிவு அறிவியலுக்கு வித்தாயிற்று. அவ்வாறு ஆவதற்குக் காரணம், அப்பிள்ளைகள் பேசிய மொழியும் பள்ளி கற்பித்த மொழியும் ஒன்றாக இருந்ததே.

கதையின் இரண்டாம் பிறவி

‘குந்தளின் பரிசு’ நூலோடு அக்கதையின் வாழ்வு முடியவில்லை. 1917இல் கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த போஸ், 1921இல் தம் வங்கமொழி எழுத்துகளைத் திரட்டி ‘அவ்யக்த’ என்ற நூலாக வெளியிட்டார். ‘வெளிப்படாதது’ என்பது அத்தலைப்பின் பொருள். அந்நூலில் ‘காணாமற்போனதன் கதை’ விரிவாக்கப்பட்டு, ‘பலாதக் துஃபான்’ என்ற புதுத் தலைப்புடன் இடம்பெற்றது. ‘தப்பியோடிய புயல்’ என்பது அதன் பொருள். குந்தளின் என்ற வணிகப் பெயர் நீக்கப்பட்டு, ‘குந்தள கேசரி’ என்ற கற்பனைப் பெயர் இடப்பட்டது.

இந்த மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. 1896இல் போட்டிக்காக எழுதப்பட்ட கதை, 25 ஆண்டுகளுக்குப்பின் போட்டியின் தேவை நீங்கியும் நிலைபெற்றது. விளம்பரப் பெயரை எடுத்துவிட்டாலும் கதை சரிந்துவிடவில்லை. ஒரு படைப்பு சந்தர்ப்பத்தால் பிறந்திருக்கலாம். சந்தர்ப்பம் மறைந்தபின்னும் நிற்குமாயின் அது இலக்கியம் என்பதற்கு இது நல்லதோர் உரைகல். மேலும், உலகப்புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் தம் அறிவியல் உரைகளின் அருகில் இந்த நகைச்சுவைக் கதைக்கும் இடமளித்தார். முன்பு மறைத்த பெயரை இப்பொழுது வெளிப்படையாகச் சூட்டினார்.

2013இல் போதிசத்துவ சட்டோபாத்தியாய் இக்கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதனால் வங்கமொழி அறியாதோரும் இதனைப் படிக்கும் வாய்ப்புப் பெற்றனர். சிறிய காரணம் பெரிய வானிலை மாற்றத்தை விளைவிக்கலாம் என்ற பிற்கால அறிவியல் கருத்தை நினைவூட்டும் கதையென்று இதனைச் சிலர் போற்றுவதுண்டு. அப்புகழ்ச்சி சற்று மிகை எனினும், கதை புதுப்புதுப் பொருள் தரும் ஆற்றலுடையது என்பதை அது காட்டுகிறது.

மராத்தியில் மீண்டும் ஒருமுறை

ஏறத்தாழ 78 ஆண்டுகளுக்குப் பின் இவ்வரலாறு வேறொரு மொழியில் திரும்ப நிகழ்ந்தது. 1974இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் அறிவியல் கதைப் போட்டி ஒன்றை அறிவித்தது. நாராயண் விநாயக் ஜகதாப் என்ற பெயரில் வந்த ‘கிருஷ்ண விவர்’, அதாவது ‘கருந்துளை’, முதற்பரிசு பெற்றது. அப்பெயருக்குள் மறைந்திருந்தவர் வானியற்பியல் அறிஞர் ஜயந்த் விஷ்ணு நார்ளிகர். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி அப்புனைபெயரை அவர் அமைத்திருந்தார். கையெழுத்தும் அடையாளம் காட்டிவிடும் என்று கருதி, மனைவியைக் கொண்டு கதையைப் படியெடுத்து அனுப்பினார். கதை தன் தகுதியால் மட்டுமே மதிப்பிடப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பரிசு முடிவுக்குப்பின் உண்மை வெளிப்பட்டது. மராத்தி இலக்கியவுலகம் அறிவியல் கதையைச் சிறுவர் விளையாட்டாக எண்ணாமல் இலக்கிய வகையாக ஏற்கத் தொடங்கிற்று. நார்ளிகர் தொடர்ந்து எழுதினார். அவரைப் பின்பற்றிப் பலர் எழுதினர். 2014இல் அவருடைய தன்வரலாறு சாகித்திய அகாதமி விருது பெற்றது. 2025 மே மாதம் அவர் மறைந்தபொழுது, அறிவியல் உலகமும் மராத்தி இலக்கிய உலகமும் ஒருங்கே வருந்தின.

போஸ், நார்ளிகர் இருவரின் வரலாற்றிலும் மூன்று கூறுகள் பொதுவாக உள்ளன. இருவரும் அறிவியலில் ஆழங்கால்பட்டோர். இருவரும் கேம்பிரிட்சில் பயின்று ஆங்கிலத்தில் ஆய்வு எழுதியோர். ஆயினும் கதை எழுத இருவரும் தேர்ந்தது தாய்மொழியையே. அதற்கு இடமளிக்க ஒரு போட்டியும் அச்சிட ஓர் ஏடும் அவர்களுக்குக் கிடைத்தன. எழுதுவோரின் அறிவு, மொழியின்பால் நம்பிக்கை, வெளியிடும் அமைப்பு ஆகிய இம்மூன்றில் எது குறைந்தாலும் அறிவியல் கதை பிறப்பதில்லை.

தமிழில் அறிவியல்

தமிழ் அறிவியலுக்கு ஏற்ற மொழியன்று என்று கூறுவோர்க்கு வரலாறு பன்முறை விடையளித்துள்ளது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, வேதியியல், அறுவை மருத்துவம் பற்றிய நூல்களைப் பல ஆயிரம் பக்க அளவில் தமிழாக்கி, கலைச்சொற்களையும் வகுத்தார். இருபதாம் நூற்றாண்டில் வழக்கறிஞரான பெ. நா. அப்புசுவாமி அறிவியற் கட்டுரைகளை எளிய தமிழில் ஓயாது எழுதினார்.

கதைத்துறையில் வரவு சற்றுத் தாமதமாயிற்று. இந்தியாவின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றான பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்தே வெளியாயிற்று. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கில மகளிர் இதழில் வந்தது. தமிழ் வாசகரிடம் அறிவியல் கதையைப் பெருவாரியாகக் கொண்டு சேர்த்தவர் சுஜாதா. மின்னணுப் பொறியாளரான அவர், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். அத்தொடரைப் படித்த சிறுவர்க்கு அது கணினி உலகத்தின் முதல் அறிமுகமாயிற்று. மக்களிடையே அறிவியலைப் பரப்பியதற்காக அவர் 1993இல் இந்திய நடுவணரசின் விருது பெற்றார்.

மலாக்காவும் மலேசியத் தமிழும்

மலேசியத் தமிழிலக்கிய வளர்ச்சியிலும் இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளேடு, 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோர் வழிநடத்திய ‘கதை வகுப்பு’ வாயிலாக இளம் எழுத்தாளர்களைப் பயிற்றுவித்தது. பின்னர் எழுத்தாளர் சங்கமும் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையும் நடத்திய போட்டிகள் பலரை எழுதத் தூண்டின. ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அப்போட்டிகளில் எழுதினர். ஆகவே, கல்கத்தாவில் குந்தளின் போட்டி செய்த பணியை மலேசியாவில் நாளேடுகளும் சங்கங்களும் செய்தன எனலாம்.

அவ்வாறு பிறந்த கதைகளில் லயன் வாழ்க்கை உண்டு, கங்காணியின் அதிகாரம் உண்டு, கள்ளுக்கடை உண்டு, தோட்டத்துண்டாடலின் துயரம் உண்டு. வாழ்ந்த வாழ்க்கையை எழுதிய அவ்வெழுத்தாளர்கள் செய்தது பெரும்பணி. ஆயினும் அறிவியல் கதைகள் அவற்றிடையே அரியவை. தோட்டத்து வாழ்வில் அறிவியல் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் தவறு.

பால் மரம் வெட்டுவோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, இருளிலேயே நிரைக்குப் போனது ஏன்? அதிகாலையில் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவது குறைவு. மரத்தின் திசுக்கள் நீரால் நிறைந்து விம்மியிருக்கும். பட்டையிலுள்ள பால்குழாய்களின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால் பால் நெடுநேரம் ஒழுகும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து, பால் விரைவில் உறைந்து நின்றுவிடும். மங்கில் விழுந்த பால் கெடாமல் இருக்க அமோனியாவும், கட்டியாக உறைய அமிலமும் சேர்த்தனர். இவையனைத்தும் தாவர இயலும் வேதியியலும் ஆகும். தோட்டத் தமிழர் இவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். பெயரிட்டுக் கூறும் வாய்ப்பு மட்டுமே அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

இவ்விடத்தில் போஸ் மீண்டும் நினைவுக்கு வருகிறார். பிற்காலத்தில் அவர் தாவரங்களைத்தான் ஆராய்ந்தார். அவற்றின் நுண்ணிய வளர்ச்சியைப் பெருக்கிக் காட்டும் கருவி செய்தார். மரத்தில் நீர் மேலேறும் விதம் பற்றி 1923இல் ஒரு நூலே எழுதினார். நீரேற்றத்துக்கு அவர் கூறிய காரணத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும் இழுவிசையே காரணம் என்பர். எனினும் மரத்தை உயிருள்ள, உணர்வுள்ள பொருளாக நோக்கிய அவர் பார்வை, நாள்தோறும் முந்நூறு, நானூறு மரங்களைத் தொட்டுப் பழகிய ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு அயலாகத் தோன்றியிராது.

மலேசியாவில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானபொழுது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. ஆங்கிலமின்றி உயர்கல்வியும் வேலையும் கிட்டா என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. தமிழில் அறிவியலை இழந்தால் தமிழ்ப்பள்ளியின் பொருளே தேய்ந்துவிடும் என்ற ஆசிரியரின் கவலையும் நியாயமானதே.

இவ்விவாதத்துக்குப் போஸின் வாழ்வு தரும் விடை மறுக்கவியலாதது. தாய்மொழிப் பள்ளியில் தொடங்கியதால் அவர் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. இராயல் நிறுவன மேடையில் ஆங்கிலத்திலேயே உரையாற்றினார். ஆங்கிலத்தில் உயர்ந்ததால் தாய்மொழியைக் கைவிடவும் இல்லை. தொடக்கத்தில் தாய்மொழியில் எண்ணக் கற்றவர், எந்த மொழியிலும் எண்ணியதைக் கூற வல்லவரானார்.

செய்யத்தக்கது

1896இல் மலாக்காவில் நட்ட கன்றுகள் மரமாகிப் பாலும் கொடுத்து, முதிர்ந்து வெட்டுண்டன. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; சில வீடமைப்புப் பகுதிகளாயின; மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அதே ஆண்டில் எழுதப்பட்ட கதையோ ஒன்றேகால் நூற்றாண்டைக் கடந்தும் புதிய வாசகரைப் பெறுகிறது. அச்சேறியதும், திருத்தம் பெற்றதும், நூலில் தொகுக்கப்பட்டதும், பெயர்க்கப்பட்டதுமே அதன் நீண்ட வாழ்வுக்குக் காரணங்கள். ஒரு சிறு போட்டி நூலைப் பாதுகாத்த நூலகமும், பழங்கதையைத் தேடியெடுத்த ஆய்வாளரும் அவ்வாழ்வில் பங்குடையோர்.

தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் முறையாக நடைபெறுகின்றன. அவற்றுடன் அறிவியல் கதைப் போட்டியும் ஆண்டுதோறும் நடைபெறுமாயின், பரிசு பெறும் கதைகள் சிறு நூலாக அச்சேறுமாயின், பத்தாண்டுகளில் ஒரு நூல் வரிசையே உருவாகிவிடும். அறிவியல் பாடம் கற்பிக்கும் ஆசிரியரும் தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியரும் இணைந்து செய்யத்தக்க பணி அது. பரிசுத்தொகை பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. எண்ணெய் விற்ற வணிகர் ஒருவர் தம் கடையின் விளம்பரத்துக்காகச் செய்ததைச் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் மொழியின் வளத்துக்காகச் செய்ய இயலாதா?

ஒரு மாணவன் தன் பாட்டியிடம், விடியற்காலையில் ஏன் பால் வெட்டினீர்கள் என்று கேட்கலாம். பாட்டி தன் அனுபவத்தைக் கூறுவாள். ஆசிரியர் அதன் காரணத்தைத் தமிழில் விளக்குவார். மாணவன் அவ்விரண்டையும் கொண்டு இனி வரப்போகும் ஒரு காலத்தைக் கற்பனை செய்து எழுதுவான். மலாக்காவின் அறிவியல் கதை அவ்வாறே பிறக்கும்.